முன்பக்கம் சன்பர்ஸ்ட், பின்பக்கம் நீலம்: 1976ஆம் ஆண்டு கிட்டார் ஒன்றின் சீரமைப்பு

பின்னணி

கிட்டாரின் உரிமையாளர் நாற்பதுகளில் இருப்பவர். சிங்கப்பூரின் செங்காங்கில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் தாயார், மனைவி, பதினைந்து வயது மகளுடன் வசிக்கிறார். கிட்டார் அவருடைய மறைந்த தந்தையுடையது. தந்தை கப்பல் பட்டறையில் வண்ணம் பூசும் பிரிவில் வேலை பார்த்தவர். 1980களின் நடுப்பகுதிவரை மாலை வேளைகளில் ஒரு தமிழ் மெல்லிசைக் குழுவில் வாசித்தார். சமூக மன்றங்கள் இன்னும் சமூக நிலையங்களாக இருந்த காலம் அது. நிலைய மேடை, கோயில் திருவிழா, கல்யாண வரவேற்பு என்று வாரக்கடைசி முழுக்க அந்தக் குழுவுக்கு வேலை இருந்ததாம்.

குழு கலைந்தபின் கிட்டார் பல ஆண்டுகள் கூடத்துச் சுவரில் தொங்கியது. குடும்பம் செங்காங்குக்கு மாறியபோது அதை ஒரு ரெக்சின் பையில் போட்டு, ‘பாம் ஷெல்டர்’ என்று எல்லாரும் சொல்லும் வீட்டுக் காப்பறைக்குள் வைத்துவிட்டார்கள். கான்கிரீட் சுவர், இரும்புக் கதவு, காற்றோட்டம் மிகக் குறைவு. இருபது ஆண்டுகளுக்கு மேல் அது அங்கேயே கிடந்தது. பேத்தி கிட்டார் கற்கத் தொடங்கியதும்தான் அதன் நினைவு வந்திருக்கிறது.

நான் பகல் வேலை முடிந்தபின் கிட்டார் பழுதுபார்ப்பவன். வீட்டில் கைவேலை மட்டும்தான். ஸ்பிரே வேலை வந்தால் காக்கி புக்கிட்டில் கார் பட்டறை வைத்திருக்கும் மலாய்க்கார நண்பர் ஒருவரிடம் கொண்டுபோவேன். அவரை இங்கே பெயிண்டர் என்றே குறிப்பிடுகிறேன்.

உரிமையாளர் கேட்டது தெளிவாக இருந்தது. “அண்ணே, இந்த நீலத்தை எல்லாம் சுரண்டி எடுத்துட்டு, ஃபேக்டரியிலேருந்து வந்த மாதிரி சன்பர்ஸ்ட் அடிச்சுக் குடுங்க. பாப்பாவுக்கு ஸ்கூல் ஷோ வருது, மூணு மாசம் இருக்கு.” சன்பர்ஸ்ட் என்பது நடுவில் வெளிர்நிறமும் ஓரத்துக்குப் போகப்போக அடர்நிறமுமாக அடிக்கும் பூச்சு.

முதல் பரிசோதனை

உடல் முழுவதும், கழுத்தின் தலைப்பகுதி உட்பட, தூரிகையால் அடித்த கடல்நீல எனாமல். தூரிகைத் தடங்கள் கண்ணுக்குத் தெரிந்தன. அடியில் என்ன கிட்டார் என்பதை, கழுத்தை உடலோடு இணைக்கும் கழுத்துத் தகட்டின் எண் சொன்னது. ‘டி’ என்ற எழுத்து, அதன்பின் 76இல் தொடங்கும் ஆறு இலக்கங்கள். 1970களின் பிற்பாதியில் வந்த ஐபனெஸ் கிட்டார்களில் முதல் எழுத்து மாதத்தையும் அடுத்த இரண்டு இலக்கங்கள் ஆண்டையும் குறிக்கும். ஆக, இது 1976 ஏப்ரலில் செய்தது. கிப்சன் 1952இல் அறிமுகப்படுத்திய லெஸ் பால் வடிவத்தை அச்சு அசலாகப் பின்பற்றிய ஜப்பானிய நகல். கிப்சனின் தாய் நிறுவனமான நார்லின் இந்த நகல்களின் தலைப்பகுதி வடிவம் பற்றி 1977இல் அமெரிக்க நீதிமன்றத்துக்குப் போனது. அதனால் இந்தக் காலத்துக் கிட்டார்களை ‘வழக்குக் காலக் கிட்டார்’ என்று சேகரிப்பாளர்கள் செல்லமாக அழைக்கிறார்கள். அந்த அடைமொழிக்காகவே விலையை ஏற்றுபவர்களும் உண்டு. ஓசைக்கும் அந்த வழக்குக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்பது என் எண்ணம்.

இரண்டு விஷயங்கள் பின்னால் வந்த எல்லா முடிவுகளையும் பாதித்தன.

ஒன்று, மேற்பலகை. தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பைக் கழற்றிக் குழியின் விளிம்பைப் பார்த்தபோது, வளைந்த மேற்பகுதி திண்மையான மேப்பிள் இல்லை என்று தெரிந்தது. அழுத்தி வளைத்த ஒட்டுப்பலகை, அதன் கீழே வெற்றிடம். மேலே ஒட்டியிருந்த மர அடுக்கு தாளைப் போன்று மெலிது. உப்புத்தாளை மரம்வரை கொண்டுபோனால் அந்த அடுக்கு ஓட்டையாகிவிடும். பிறகு திரும்ப வழியே இல்லை.

இரண்டு, பின்பக்க நீலம். அது பிசுபிசுத்தது. ரெக்சின் பையின் உட்புறத் துணிநெசவு அப்படியே பூச்சில் அச்சாகியிருந்தது. விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் குறுக்கும் நெடுக்குமான இழைகளை எண்ணலாம் போலிருந்தது. ரெக்சினை மென்மையாக வைத்திருக்கச் சேர்க்கும் பொருள் நாளடைவில் கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பூச்சை இளக்கிவிடும். காப்பறையின் வெப்பமும் ஈரமும் அதற்குத் துணைபோயிருக்க வேண்டும். முன்பக்கம் தந்திகளும் அவற்றைத் தாங்கும் பிரிட்ஜும் தூக்கிப் பிடித்ததால் பையை அவ்வளவாகத் தொடவில்லை. அங்கே நீலம் உறுதியாகவே இருந்தது.

மற்றவை வழக்கமான கோளாறுகள். கழுத்து முன்னோக்கி வளைந்திருந்தது. கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டிகளான ஃபிரெட்டுகளில் முதலாவதையும் கடைசியையும் அழுத்திப் பிடித்தால் நடுவில் 0.55 மி.மீ. இடைவெளி. 0.2 மி.மீ. சுற்றியிருந்தால் போதும். ஃபிரெட்டுகளில் பச்சைக் களிம்பு. ‘நிக்கல் சில்வர்’ என்று பெயர் இருந்தாலும் அதில் வெள்ளி கிடையாது, பெரும்பகுதி செம்புதான். தந்தியை முறுக்கும் ட்யூனர் திருகுகளின் பிளாஸ்டிக் காதுகள் விரல் பட்டதும் உதிர்ந்தன. பிரிட்ஜ் பக்கப் பிக்கப் ஊமை.

புகைப்படமும் அதன் விளைவும்

மேற்பலகையில் கீறல் விழாமல் காக்கும் பிக்கார்டு தகடும் ஒரு குமிழும் காணவில்லை. எவை பொருந்தும் என்று பார்க்கப் பழைய புகைப்படம் இருந்தால் கொண்டுவரச் சொன்னேன். அடுத்த வாரம் படத்தோடு உரிமையாளரின் தாயாரும் வந்தார்.

படம் 1983இல் எடுத்தது. ஐந்து பேர், எல்லாருக்கும் நீலச் சட்டை, நடுவில் நீலக் கிட்டார். அதுவரை உரிமையாளர் அந்த நீலத்தை யாரோ சித்தப்பா செய்த வேலை என்று நினைத்திருந்தார். தாயார் சொன்னது வேறு.

“சட்டை தைச்ச மறுவாரமே அவரே உக்காந்து அடிச்சார் தம்பி. பட்டறையில மிச்சம் விழுந்த பெயிண்ட். நான்தான் வேணாம், நல்ல கிட்டாரு கெட்டுப்போயிரும்னு சொன்னேன். கேட்டாரா?”

மகன் ஒன்றும் பேசவில்லை. தாயாரிடம், நீலம் அப்படியே இருக்க வேண்டுமா என்று கேட்டேன். “அது எப்படிப்பா எடுப்பீங்க, அவர் கை பட்டதை” என்றார். மகன் இடைமறித்து, “அம்மா, கையில ஒட்டுது பாருங்க, பாப்பா எப்படி வாசிப்பா?” என்றார். இருவர் சொன்னதும் உண்மை.

இந்த இடத்தில் வேலையை நிறுத்தினேன். பழைய கருவிகளில் ‘அசல் பூச்சு’ என்றால் தொழிற்சாலைப் பூச்சு என்றே விலைப்பட்டியல்கள் எடுத்துக்கொள்கின்றன. விற்கப்போகும் கருவிக்கு அது சரி. இந்தக் கிட்டாரை யாரும் விற்கப்போவதில்லை. அப்படியானால் தொழிற்சாலைப் பூச்சுக்கு முன்னுரிமை தர ஒரு காரணமும் இல்லை. நீலமும் அதன் வரலாற்றில் சேர்ந்ததுதான். ஆனால் பின்பக்கத்து நீலம் இனித் தேறாது என்பதும் கண்முன் இருந்தது. எனவே எதை எடுப்பது என்ற பேச்சுக்கு முன், அடியில் என்ன மிஞ்சியிருக்கிறது என்று பார்த்துவிடலாம் என்றேன். இருவரும் ஒப்புக்கொண்டார்கள்.

சோதனைச் சாளரங்கள்

முன்பக்கத்தில் பிக்கார்டு மூடும் இடத்திலும், பின்பக்கத்தில் மின்பகுதியின் குழிமூடிக்கு அருகிலும் தபால்தலை அளவுக்கு நீலத்தை எடுத்தேன்.

அதற்குமுன் ஈயச் சோதனை. பழைய கப்பல் எனாமல் என்பதால் சோதனைக் குச்சியைத் தேய்த்துப் பார்த்ததில் ஈயம் இருப்பதைக் காட்டும் இளஞ்சிவப்பு தெரிந்தது. அந்தக் கணத்திலிருந்து இந்தக் கிட்டாரில் உலர் உப்புத்தாள் தொடக்கூடாது என்று முடிவு செய்தேன். எல்லாம் ஈரமாக, பிளாஸ்டிக் விரிப்பின்மேல், கையுறை, துகள் முகமூடியோடு. சுரண்டியவற்றை ஈரத்தாளில் சுற்றித் தனிப்பையில் கட்டினேன். வீட்டுக்குள் வேலை செய்பவர்கள் பலர் இந்தச் சோதனையைச் செய்வதில்லை.

பிறகு கரைப்பான்கள். குழிக்குள் மறைவான ஓரிடத்தில் பஞ்சுக்குச்சியில் அசிட்டோன் தொட்டு அடிப்பூச்சில் வைத்தேன். நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் என்றால் உடனே கரைந்து ஒட்டும். இது அசையவில்லை. எழுபதுகளின் தடித்த பாலி, அதாவது பிளாஸ்டிக் வகைப் பூச்சு. திருகுத்துளை ஓரத்தில் அது உடைந்திருந்த இடத்தில் ஏறக்குறைய அரை மி.மீ. கனம். பழைய கிட்டார் பிரியர்கள் இந்தப் பூச்சைப் பார்த்தால் முகம் சுளிப்பார்கள். மரத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டதுபோல என்பார்கள். இந்தக் கிட்டாரைக் காப்பாற்றியது அந்த உறைதான்.

பென்சைல் ஆல்கஹால் கலந்த ஜெல், நீல எனாமலைச் சிறிது நேரத்தில் சுருங்கவைத்தது. பாலியைத் தொடவில்லை. ஆனால் உடலின் விளிம்பில் ஓடும் வெள்ளை பிளாஸ்டிக் பைண்டிங்கை மெதுவாக இளக்கியது. அதனால் பைண்டிங் ஓரத்துக்கு ஜெல் கூடாது. ஹீட் கன் வேலைக்கு ஆகாது என்று முன்பே தெரியும். ஒட்டுப்பலகையின் பசையும் பைண்டிங்கும் அதைத் தாங்கா.

முன்பக்கச் சாளரத்தில் சன்பர்ஸ்ட் தெரிந்தது. நடுவில் தேன் மஞ்சள், ஓரத்துக்குப் போகப்போகச் செம்பு. மேலே முழுக்கக் கீறல்கள், ஒரே திசையில், நெருக்கமாக. புதுப் பெயிண்ட் பிடிப்பதற்காக முரட்டு உப்புத்தாளால் தேய்த்திருக்கிறார். பட்டறைப் பழக்கம். பெயிண்டர் ஒருவர் செய்யவேண்டியதை முறையாகத்தான் செய்திருக்கிறார். கீறல்கள் பாலியின் மேல்பகுதியில் மட்டும் இருந்தன. நிறம் அதற்குக் கீழே பத்திரமாக இருந்தது.

பின்பக்கச் சாளரத்தில் நிலைமை வேறு. தேய்ப்பு பாலியைத் தாண்டி மரம்வரை போயிருந்தது. சாளரத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், உள்ளங்கை அளவில் பழைய பூச்சே இல்லை. பக்கவாட்டிலும் ஆங்காங்கே அப்படித்தான்.

எடுத்த முடிவும் காரணமும்

நான்கு வழிகளை இருவரிடமும் சொன்னேன். முழுக்கச் சுரண்டிப் புதிய சன்பர்ஸ்ட் அடிப்பது முதலாவது. மெல்லிய மேலடுக்கு காரணமாக இதை நான் செய்யமாட்டேன் என்றும் சொல்லிவிட்டேன். முழு நீலத்தையும் அப்படியே விடுவது பிசுபிசுப்பால் நடக்காது. முழுக்க நீக்கிவிட்டு மறுபடி முழுக்க நீலம் அடித்தால், உயிரோடு இருக்கும் சன்பர்ஸ்ட்டை மூடிவிடுவோம். நான்காவது வழி: முன்பக்கத்தில் நீலத்தை எடுத்து, அடியிலுள்ள அசல் பூச்சைச் சமன்செய்து மெருகேற்றுவது, பூச்சு ஏற்கெனவே அழிந்துபோன பின்பக்கத்துக்கும் பக்கவாட்டுக்கும் புதிதாகத் தந்தையின் நீலத்தையே கொடுப்பது.

இந்த நான்காவது வழிக்குக் கருவியின் அமைப்பே இடம்கொடுத்தது. லெஸ் பால் வடிவத்தில் மேற்பலகையும் பக்கவாட்டும் சேருமிடத்தில் பைண்டிங் பட்டை ஓடுகிறது. இரண்டு நிறங்களும் ஒன்றையொன்று தொடா. வேறு வடிவமாக இருந்திருந்தால் இந்த யோசனையே எழுந்திருக்காது. இன்னொரு வசதி: அசலில் பின்பக்கம் செர்ரி சிவப்பு. காலத்தால் மங்கிய சிவப்போடு புதுச் சிவப்பை ஒட்டவைப்பது பெரும் தலைவலி. அந்த வேலையும் இல்லாமல் போயிற்று.

கழுத்தின் குதிகால் பொருந்தும் குழியிலும், பின்பக்கக் குழிமூடியின் உட்புறத்திலும் தந்தை அடித்த நீலத்தை அப்படியே விட்டுவிடுவது என்றும் தீர்மானித்தோம். அங்கே கையும் படாது, பையும் படாது.

மகனுக்கு இதில் முழு மனம் இல்லை. பாதிபாதியாக விசித்திரமாக இருக்கும் என்றார். பேத்திக்குப் பிடித்துப்போனது. தாயார், “முன்னாடி உன் இஷ்டம், பின்னாடி அவர் இஷ்டம்” என்று மகனிடம் சொல்லிப் பேச்சை முடித்தார்.

பள்ளி நிகழ்ச்சிக்குள் முடியாது என்பதையும் அன்றே சொன்னேன். இரவல் கிட்டாரில் அவள் வாசித்தாள்.

முன்பக்கம்

ஜெல்லை நடுப்பகுதிக்கு மட்டும் தடவி, பிளாஸ்டிக் தகட்டால் வழித்தேன். பைண்டிங்கை ஒட்டிய விரலளவு ஓரத்தில், இரு முனைகளிலும் டேப் ஒட்டிய சவரபிளேடால் மெதுவாகச் சுரண்டினேன். டேப்பின் கனம் பிளேடை அடிப்பூச்சில் இறங்கவிடாது. இந்த ஓரம் நடுப்பகுதி முழுவதையும்விட அதிக நேரம் எடுத்தது.

கீறல்களைச் சமன்செய்ய ஈர உப்புத்தாள், 800ஆம் எண்ணில் தொடங்கி மென்மையான 2000ஆம் எண்வரை. எங்கே நிறுத்துவது என்பதைக் கழுவும் நீரே காட்டும். நிறமற்ற மேல்பூச்சு தேயும்வரை வழியும் நீர் பால்போல வெள்ளையாக இருக்கும். இளஞ்சிவப்பு கலந்தால் நிறத்தைத் தொட்டுவிட்டோம் என்று பொருள். மேல்தோள் வளைவில் ஒருமுறை வெள்ளைத் துணியில் மெல்லிய சிவப்பு படிந்தது. அங்கே கைவைப்பதை விட்டுவிட்டேன். எஞ்சிய சில ஆழமான கீறல்களில் சூப்பர் குளூவைச் சொட்டுச் சொட்டாக இட்டு, இறுகியபின் பிளேடால் மட்டம் செய்தேன். பாலி இறுகியபின் மேலே வரும் புதுப்பூச்சோடு கலக்காது. ஆகையால் சிறு பள்ளங்களுக்கு இதுவே தோதான நிரப்பி. பக்கவெளிச்சத்தில் பார்த்தால் இன்னும் பல கீறல்கள் தெரியும். அவற்றை எடுக்க முயன்றால் நிறம் போய்விடும் என்பதால் அப்படியே விட்டேன்.

பின்பக்கம்

எந்த நீலம் என்ற கேள்வி எதிர்பார்த்ததைவிடச் சிக்கலானது. கழுத்துத் தகட்டின் கீழ் வெளிச்சமே படாமல் இருந்த நீலம்தான் உண்மையான நிறம் என்று முதலில் தோன்றும். எண்ணெய் சார்ந்த எனாமல் இருட்டில் மஞ்சளிக்கும். அதனால் அந்த இடத்து நீலம் பச்சை கலந்து தெரிந்தது. வெளியே இருந்த நீலத்தில் அழுக்கு. புகைப்படம் காலத்தால் நிறம் மாறியது. கடைசியில் முன்பக்கத்திலிருந்து எடுக்கும்முன் ஓரிடத்தை நன்றாகத் துடைத்து மெருகிட்டு, அதைப் பார்த்துப் பெயிண்டர் மூன்று மாதிரி அட்டைகளை அடித்தார். தாயார் அவற்றை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் பார்த்து, நடுவிலுள்ளதைத் தேர்ந்தெடுத்தார்.

பூச்சு வகையில் கார்களுக்கு அடிக்கும் இரு கூறு யூரித்தேனைத் தேர்ந்தோம். நைட்ரோ லாக்கர் பழமைக்குப் பொருத்தம் என்று சொல்வார்கள். இந்தக் கிட்டாரில் நைட்ரோ இருந்ததே இல்லை. சிங்கப்பூரின் ஈரப்பதம் விடியற்காலையில் 90 விழுக்காட்டைத் தாண்டும், மழையில்லாப் பிற்பகலில் 60ஐ ஒட்டி இறங்கும். லாக்கரின் கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து வெள்ளையாகப் பூத்துவிடும். மெதுவாக உலரவைக்கும் தின்னர் கலந்து சமாளிக்கலாம், ஆனால் வீவக வீட்டின் தாழ்வாரத்தில் லாக்கர் அடிப்பது அண்டை வீட்டாருக்கும் நெருப்புக்கும் அழைப்பு. யூரித்தேனின் இறுக்கியில் ஐசோசயனேட் உண்டு. வெளிக்காற்றைக் குழாயில் வாங்கும் முகக்கவசம் இல்லாமல் அதை அடிக்கக்கூடாது. பெயிண்டரிடம் அறையும் கவசமும் இருந்தன.

முதல் நீலப் பூச்சிலேயே தொல்லை வந்தது. அடித்த சில நொடிகளில் பூச்சு ஆங்காங்கே விலகி, வட்டவட்டமாகச் சிறு பள்ளங்கள் விழுந்தன. பெயிண்டர் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, “ஃபிஷ் ஐ. சிலிக்கோன்” என்றார். கார்களில் டாஷ்போர்டு பாலிஷ் செய்யும் அதே வேலை. கிட்டாருக்கு அது எங்கிருந்து வந்தது? அன்று இரவு தாயாரைக் கேட்டபோது விடை கிடைத்தது. சுவரில் தொங்கிய காலத்தில் ஒவ்வொரு தீபாவளிக்கும் முன்னால் அலமாரி, மேசையோடு கிட்டாரையும் ஸ்பிரே பாலிஷ் போட்டுத் துடைத்திருக்கிறார். நீலத்தில் இருந்த வெடிப்புகள் வழியே சிலிக்கோன் வெறும் மரத்துக்குள் இறங்கியிருக்க வேண்டும்.

ஈரமாக இருக்கும்போதே பூச்சைத் துடைத்தெடுத்தோம். மெழுகு, எண்ணெய் நீக்கும் திரவத்தால், துணியை ஒவ்வொரு தேய்ப்புக்கும் மாற்றி மாற்றிக் கழுவினோம். ஒரே துணியில் தேய்த்தால் சிலிக்கோன் இடம் மாறுமே ஒழிய வெளியே வராது. அதன்மேல் அரக்கிலிருந்து செய்யும் ஷெல்லாக்கை, மெழுகு நீக்கிய வகையில், கையால் பூசினேன். ஷெல்லாக் சிலிக்கோனை அடைத்துவிடும், மேலே யூரித்தேனும் பிடிக்கும். இரண்டாம் முறை பள்ளம் விழவில்லை.

பட்டறையில் காரை 60 பாகை செல்சியஸ் அளவில் சூடேற்றி உலர்த்துவது வழக்கம். கிட்டாருக்கு அது வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தேன். உள்ளே காற்று அடைந்த ஒட்டுப்பலகை உடல், பழைய பசை. அறைச் சூட்டிலேயே உலரவிட்டோம். ‘கார் ஒண்ணு நிக்கவேண்டிய இடம்’ என்று பெயிண்டர் முணுமுணுத்தாலும் இடம் கொடுத்தார்.

மின்பகுதியும் கழுத்தும்

ஊமைப் பிக்கப் ஒரு ஹம்பக்கர், தொடராக இணைந்த இரண்டு சுருள். மீட்டரில் மொத்தம் எல்லையற்ற தடை காட்டியது. மூடியின் ஈயப்பற்றை வெட்டித் திறந்து, சுருள்களைத் தனித்தனியே அளந்தேன். ஒன்று 3.9 கிலோ ஓம், சரி. மற்றதில் இணைப்பு இல்லை. நாடாவைப் பிரித்தபோது, 0.06 மி.மீ. கம்பி வெளிக்கம்பியோடு பற்றவைத்த இடத்தில் பச்சைப் பொடி. அங்கேதான் அறுந்திருந்தது. நல்ல வேளையாக அது சுருளின் வெளிமுனை. ஒரு சுற்றைப் பிரித்து, எனாமலைச் சுரண்டி மறுபடி பற்றவைத்ததும் மொத்தத் தடை 7.7 கிலோ ஓமுக்கு வந்தது. கழுத்துப் பக்கப் பிக்கப் 7.6. உள்முனையில் அறுந்திருந்தால் முழுச் சுருளையும் மறுபடி சுற்றியிருக்க வேண்டும், ஓசையும் மாறியிருக்கும்.

பிரிட்ஜ் தூணுக்குப் போகும் எர்த் கம்பியும் அறுந்திருந்தது. தந்தியைத் தொட்டால் இரைச்சல் குறையவேண்டும், இங்கே கூடியது. புதுக் கம்பி போட்டேன். ஜாக்கைச் சிம் லிம் டவரில் வாங்கி மாற்றினேன். வால்யூம், டோன் பொட்டென்ஷியோமீட்டர்கள் சுத்தம் செய்ததோடு சரியாயின. காணாமல்போன குமிழுக்கு அமெரிக்க அளவுக் குமிழ் பொருந்தாது, ஜப்பானியத் தண்டு மெட்ரிக் அளவு. பழைய பொருள்களில் தேடியதில் ஒன்று கிடைத்தது.

கழுத்துக்குள் இருக்கும் கம்பியின் திருகு துருப்பிடித்து இறுகியிருந்தது. ஊடுருவும் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு இரவு முழுக்க வைத்து, கழுத்தைக் கையால் பின்னோக்கி வளைத்துப் பாரத்தைக் குறைத்தபின் கால் சுற்று. ஒரு நாள் விட்டு மறுபடி கால் சுற்று. 0.22 மி.மீ.யில் நின்றது. ஃபிரெட்டுகளை மாற்றாமல் மட்டம் செய்து, உச்சியை வட்டமாக்கினேன். முதல் மூன்று ஃபிரெட்டுகளில் விழுந்திருந்த குழிகள் அதிலேயே மறைந்தன. ட்யூனர்களை மாற்றவில்லை, காதுகள் மட்டும் புதியவை.

விளைவு

நீலம் நன்றாக வந்தது. அதிகமாகவே நன்றாக வந்தது. தாயார் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, “அவர் அடிச்சது இவ்வளவு மினுங்காதே தம்பி” என்றார். தூரிகைத் தடத்தைத் துப்பாக்கியால் கொண்டுவர முடியாது. சாம்பல்நிற ஸ்காட்ச்-பிரைட் தேய்ப்புநாரால் நீளவாக்கில் தேய்த்துப் பளபளப்பைப் பாதியாக்கினேன். அதற்குப்பின் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

ஓராண்டு கழித்துப் பார்த்தபோது பிசுபிசுப்பு எங்கும் இல்லை. வயிறும் முன்கையும் உரசும் இடங்களில் மட்டும் பளபளப்பு திரும்பியிருந்தது. முன்பக்கச் சன்பர்ஸ்ட்டில் மாற்றமில்லை. கழுத்து இடைவெளி 0.3 மி.மீ.க்குப் போயிருந்தது, எட்டில் ஒரு சுற்றில் சரியானது. வலது கீழ்விளிம்பில், பைண்டிங்கை ஒட்டி, நீலப் பூச்சில் முடிபோன்ற ஒரு வெடிப்பு. பைண்டிங் பிளாஸ்டிக் சுருங்குவதால் வந்ததாக இருக்கும். விரிவடைந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறோம்.

கிட்டார் இப்போது காப்பறையில் இல்லை. கூடத்தில், பருத்தித் துணி சுற்றிய ஸ்டாண்டில் நிற்கிறது. ஸ்டாண்டின் ரப்பரும் ரெக்சின் செய்யும் வேலையைச் செய்யும் என்பதால் அந்தத் துணி. ரெக்சின் பையைத் தாயார் தூக்கிப்போட மறுத்துவிட்டார். அது காலியாகக் காப்பறையில் இருக்கிறது.

அடுத்த முறை மாறுவன

வண்ண வேலைக்கு வரும் எந்தக் கிட்டாருக்கும் இப்போது முதல் சந்திப்பிலேயே மூன்று கேள்விகள் கேட்கிறேன். யார் பூசியது, எதில் வைத்திருந்தார்கள், எதைக்கொண்டு துடைத்தார்கள். துடைத்தது கொண்டுவந்தவராக இருக்கமாட்டார். ஆகையால் வீட்டில் துடைப்பவரிடம் நேரே கேட்கவேண்டும்.

சிலிக்கோன் இருக்கலாம் என்ற ஐயம் இருந்தால், பட்டறைக்குப் போகும்முன்பே ஷெல்லாக் பூச்சு. அது கூடுதல் வேலை என்றாலும் வாடகை அறையில் பூச்சைத் துடைத்தெடுப்பதைவிடச் செலவு குறைவு.

பளபளப்பின் அளவையும் மாதிரி அட்டையிலேயே காட்டவேண்டும். நிறத்தைக் காட்டினோம், மினுமினுப்பைக் காட்டவில்லை. பெயிண்டர் இப்போது ஒவ்வொரு அட்டையிலும் பாதியை முழு மெருகிலும் பாதியை மங்கலாகவும் அடித்துத் தருகிறார்.

பைண்டிங் உள்ள உடல்களில் பக்கவாட்டுப் பூச்சைப் பைண்டிங்கின் விளிம்போடு சரியாக நிறுத்தாமல், மெல்லிய பிளேடால் இரண்டுக்கும் இடையே ஒரு மயிரிழைக் கோடு கீறிவிட்டால் சுருக்கத்துக்கு இடம் கிடைக்கலாம் என்று பெயிண்டர் சொல்கிறார். இன்னும் செய்துபார்க்கவில்லை. இதே கிட்டாரின் வெடிப்பு நீண்டால், அதைச் சரிசெய்யும்போது அந்தப் பக்கத்தில் மட்டும் அப்படிச் செய்து பார்க்க உரிமையாளர் சம்மதித்திருக்கிறார்.